82 பேரின் கவுண்டி

ஹொனலூலு விமான நிலையத்தில் எங்களையும் பைகளையும் சேர்த்து எடை போட்டார்கள். ஒன்பது பயணிகள் மட்டுமே உட்காரக்கூடிய விமானம். யாரை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்பதை எடை பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். மகளுக்கு அந்த ஊரில்தான் வேலை. "ஹவாய்க்கு வர்றவங்கல்லாம் கடற்கரைக்குப் போவாங்க. நீ ஏம்மா மொலோகாய், மொலோகாய்னு நிக்கிற?" என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்ன பதில் ஓர் எண்தான்: 82.

முப்பது வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தால் எங்களுக்குத்தான் அந்தப் பணி. வீடு வீடாகப் போய்ப் பெயர், வயது எழுதிய பழக்கம் இன்னும் விடவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று பார்ப்பேன். அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு கவுண்டி. நம் மாவட்டம் போன்றது. ஆனால் பெரும்பாலும் அதை நடத்துகிறவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். நாடு முழுவதும் இப்படி 3,100-க்கும் மேல் இருக்கின்றன. அதில் ஹவாய் மாநிலத்துக்கு ஐந்து. அவற்றில் ஒன்றான கலவாவோ கவுண்டியில், 2020 கணக்கெடுப்பின்படி, மொத்தமே 82 பேர். நிலப்பரப்பு 12 சதுர மைல். பரப்பில் அமெரிக்காவிலேயே மிகச் சிறிய கவுண்டி. அந்த இடத்தின் பழைய எண்களைத் தேடிப் பார்த்தேன். 1900-இல் 1,177 பேர். 2000-இல் 147. 2010-இல் 90. ஓர் ஊர் இப்படித் தேய்ந்தால் பஞ்சமோ வேலையின்மையோ காரணமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். காரணம் தெரிந்த பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

அரைமணி நேரத்தில் மொலோகாய் தீவில் இறங்கினோம். தீவு முழுவதிலும் ஒரு போக்குவரத்து சிக்னல்கூடக் கிடையாது. வாடகைக் காரில் வடக்கே ஏறினால் சாலை பாலாஆவு என்ற பூங்காவில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நடைதான். இரண்டு பக்கமும் சவுக்கு மரங்கள். காலடியில் சவுக்குச் சருகு மெத்தை போலக் கிடந்தது. காற்றில் அதே இரைச்சல். கண்ணை மூடினால் மரக்காணம் கடற்கரையில் நிற்பதுபோல் இருந்தது. தோப்பு முடிந்ததும் ஒரு கைப்பிடிச் சுவர். அதற்கு அப்பால் நிலம் இல்லை. 1,600 அடிக்குக் கீழே, கடலுக்குள் நீட்டிய உள்ளங்கை மாதிரி ஒரு தட்டையான தீபகற்பம். அதுதான் கலவாவோ கவுண்டி.

மூன்று பக்கம் கடல். நான்காவது பக்கம் நாங்கள் நின்ற மலைச்சுவர். உலகத்தின் மிக உயரமான கடலோரச் செங்குத்துகளில் இதுவும் சேர்த்தி. கீழே போகச் சாலை கிடையாது. 26 கொண்டைஊசி வளைவுகளோடு ஐந்து கிலோமீட்டர் இறங்கும் ஓர் ஒற்றையடிப் பாதையும், சின்ன விமான தளமும் மட்டுமே. கனமான சாமான்களை ஏற்றிக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் சரக்குப் படகு வரும். நாங்கள் போனபோது வெளியாட்களுக்கு அனுமதி தரவில்லை. அனுமதி கிடைக்கும் காலத்திலும் 16 வயது நிறையாதவர்கள் போகக் கூடாது. மேலிருந்தே பார்த்தோம். இடது ஓரத்தில் கலாவுபாபா குடியிருப்பின் வெள்ளைக் கூரைகள், முனையில் 1909-இல் ஏற்றிய கலங்கரை விளக்கம், நடுவே அணைந்துபோன எரிமலையின் வாய். அந்த மேட்டுக்கு அப்பால், கிழக்குக் கரையில்தான் கவுண்டிக்குப் பெயர் கொடுத்த கலவாவோ என்ற பழைய குடியிருப்பு இருந்தது.

இந்த இடத்தை ஓர் அரசாங்கம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதன் அமைப்புதான். ஹவாய் அப்போது தனி முடியரசு. வெளியிலிருந்து வந்த அம்மை, தட்டம்மை போன்ற நோய்கள் அந்த மக்களைக் கொத்துக்கொத்தாக அழித்துக்கொண்டிருந்த காலம். தொழுநோயும் பரவத் தொடங்கியதும், 1865 ஜனவரியில் ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் ஒரு சட்டத்துக்கு ஒப்புதல் தந்தார். நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படுகிறவரைப் பிடித்துப் பரிசோதித்து, உறுதியானால் ஒதுக்கி வைக்கலாம் என்றது சட்டம். ஓராண்டு கழித்து, 1866 ஜனவரி 6-ஆம் தேதி, முதல் படகு கலவாவோவில் பன்னிரண்டு பேரை இறக்கியது. ஆண்கள் ஒன்பது, பெண்கள் மூன்று. தாங்களே பயிர் செய்து பிழைத்துக்கொள்வார்கள் என்று அரசு எதிர்பார்த்தது. விரல்கள் உணர்விழந்தவர்கள் மண்வெட்டியை எப்படிப் பிடிப்பார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்த குடிகளையும் அரசு படிப்படியாக வெளியேற்றியது.

அடுத்த நூறு ஆண்டுகளில் சுமார் 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் ஹவாய் மண்ணின் மக்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அவர்கள் மொழியில் இந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு: 'பிரித்துவைக்கும் நோய்'. கணவனை மனைவியிடமிருந்தும் பிள்ளையைத் தாயிடமிருந்தும் பிரித்தது கிருமியா, சட்டமா என்று கேட்டால், சட்டம் என்றுதான் நான் சொல்வேன். கலாவுபாபாவில் நோயாளிகள் தங்களுக்குள் மணம் செய்துகொண்டார்கள். பிறந்த குழந்தையை அம்மாவின் மடியில் விடமாட்டார்கள். உடனே எடுத்துப் போய்த் தனியே வளர்த்து, பிறகு உறவினரிடமோ தத்துக்கோ கொடுத்துவிடுவார்கள்.

கலவாவோ என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் அருள்தந்தை தமியான். பெல்ஜியத்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு. 1873 மே மாதம் அங்கே போனவர், வீடு கட்டினார், தண்ணீர்க் குழாய் அமைத்தார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார், சவப்பெட்டி செய்தார். நோய் அவரையும் பற்றியது. 1889 ஏப்ரலில், 49 வயதில், அங்கேயே இறந்தார். அவரைத் தொடர்ந்து பணியாற்றிய கன்னியாஸ்திரீ மரியான் கோப் 1918 வரை அங்கே இருந்தார். 2009-இல் தமியானும் 2012-இல் மரியானும் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். அந்தப் புகழுக்கு இருவரும் முழுத் தகுதி உடையவர்கள். ஆனாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தமியான் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கும் முன்பே, 1866 டிசம்பரில், 35 நோயாளிகள் ஒன்றுகூடி சிலோவாமா என்ற திருச்சபையைத் தொடங்கிவிட்டார்கள். ஆம்ப்ரோஸ் ஹட்சிசன் என்ற நோயாளி பல ஆண்டுகள் குடியிருப்பின் கண்காணிப்பாளராக இருந்து நிர்வாகத்தை நடத்தினார். கைவிடப்பட்டவர்கள் ஓர் ஊரைக் கட்டி எழுப்பினார்கள் என்பதும் அந்த மண்ணின் வரலாறுதான்.

1893-இல் ஹவாய் அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898-இல் தீவுகள் அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டன. 1905-இல் கவுண்டிகள் பிரிக்கப்பட்டபோது, மொலோகாய் தீவின் மற்ற பகுதி மாவி கவுண்டிக்குப் போனது. நோயாளிகள் வாழ்ந்த தீபகற்பத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தனிக் கவுண்டி ஆக்கினார்கள். மக்கள் கேட்டுப் பிறந்த எல்லைக்கோடு இல்லை அது. கவுண்டி மன்றம் இல்லை, மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் இல்லை, கவுண்டிக்கென்று தேர்தலும் இல்லை. இன்றும் ஹவாய்ச் சட்டப்படி கலவாவோ முழுவதும் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆளுகையில் இருக்கிறது. கவுண்டிக்கென்று உள்ள ஒரே அதிகாரி ஷெரிஃப். அவரையும் அங்கே வசிப்பவர்களிலிருந்து சுகாதாரத் துறைதான் நியமிக்கும். அங்குள்ளவர்கள் மாநிலத்துக்கும் நாட்டுக்கும் வாக்களிக்கலாம். தங்கள் தெருவை ஆள யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. நோயாளியாக அங்கே வந்த ரிச்சர்ட் மார்க்ஸ் என்பவர், பின்னாளில் அதே கவுண்டியின் ஷெரிஃபாக இருந்தார். வருகிற பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டி, தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் வழக்கத்தையும் தொடங்கி வைத்தார்.

மருந்தின் கதையில் நம் பக்கத்துப் பெயர் ஒன்றும் வருகிறது. நீரடிமுத்து. அந்த இனத்து மரங்களின் விதையில் எடுக்கும் சால்முக்ரா எண்ணெயைத்தான் உலகமெங்கும் தொழுநோய்க்குக் கொடுத்தார்கள். குடித்தால் குமட்டும், ஊசியில் ஏற்றினால் உடம்பு ஏற்காது. ஹொனலூலு கல்லூரியில் படித்த ஆலிஸ் பால் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண், 1915 வாக்கில், அந்த எண்ணெயை உடல் ஏற்கும் ஊசிமருந்தாக்க வழி கண்டார். தன் வெற்றியை முழுதாகப் பார்க்காமல் 24 வயதில் இறந்துபோனார். நிரந்தரத் தீர்வு 1946-இல் கலாவுபாபாவுக்கு வந்த சல்போன் மருந்துகள்தான். அதன் பிறகு நோய் தொற்றாது. ஆனால் ஒதுக்கிவைக்கும் சட்டம் 1969 வரை நீடித்தது. குணமான பின்னும் 23 ஆண்டுகள்!

மதில் திறந்ததும் பலர் போகவில்லை. போவதற்கு யார் வீடு இருந்தது? அவர்கள் விரும்பும்வரை, சாகும்வரை, அங்கே வாழலாம் என்று அரசு வாக்குக் கொடுத்தது. 1980-இல் அந்த இடம் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. இன்று அங்கே வசிப்பவர்களில் பெரும்பாலோர் பூங்கா ஊழியர்களும் சுகாதாரத் துறை ஊழியர்களும்தான். நோயாளிகளாக வந்தவர்கள் முதுமையின் எல்லையில் இருக்கும் மிகச் சிலரே. புது நோயாளி யாரும் அங்கே அனுப்பப்படுவதில்லை என்பதால்தான் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. மக்கள்தொகை குறையக் குறைய நிம்மதி கொள்ள வேண்டிய ஊரை என் பணிக்காலத்தில் நான் கேள்விப்பட்டதே இல்லை.

சுவரோரம் வயதான ஒரு பெண்மணி நின்றிருந்தார். பச்சை இலைகளைத் திரித்துக் கட்டிய மாலை ஒன்றைக் கைப்பிடியில் போட்டுவிட்டுக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் மூத்தவர்களை ஆண்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் மகளும் "ஆண்ட்டி, உங்களுக்குத் தெரிந்தவர்கள் கீழே இருக்கிறார்களா?" என்று கேட்டாள். "என் பாட்டியின் அக்கா இருக்கிறாள்" என்றார். பதினோரு வயதில் அழைத்துப் போய்விட்டார்களாம். "பாட்டி சாகும்வரை தனக்கு அக்கா இருந்ததாகச் சொன்னதே இல்லை. ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேட்டைப் புரட்டியபோதுதான் பெயர் கிடைத்தது. கல்லறை எது என்று தெரியாது. அதனால் இங்கே நின்று எல்லோருக்கும் சேர்த்துப் போடுகிறேன்." அங்கே புதைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களில் அடையாளம் உள்ள கல்லறைகள் சுமார் 1,300 மட்டுமே. அனுப்பப்பட்ட ஒவ்வொருவர் பெயரையும் பொறித்து நினைவுச்சின்னம் ஒன்று எழுப்ப, 2009-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் சட்டம் அனுமதி தந்தது. அதற்காக உழைப்பவர்களில் பலர், இவரைப் போல் பெயரைத் தேடிக் கண்டுபிடித்த குடும்பத்தினர்.

அந்த அம்மாள் 'பெயர்' என்று சொன்னதும் எனக்கு 1991 கணக்கெடுப்பு ஞாபகம் வந்தது. கடைசித் தெருவில் ஒரு வீடு. வீட்டுக்காரர் ஐந்து பேர் என்று சொல்லி எழுத வைத்தார். கிளம்பும்போது பின்கட்டில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஓலைச் சாய்ப்பில் ஒரு பாட்டி, அலுமினியத் தட்டை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் அணைத்துப் பிடித்துக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் இல்லை. "அத எழுத வேணாம் டீச்சர். வெளிய தெரிஞ்சா பொண்ணுக்கு வரன் அமையாது" என்று வீட்டுக்காரர் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். நான் சாய்ப்புக்குப் போய்க் குனிந்து, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டேன். பாட்டி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அப்பா பெயரையும் சேர்த்து முழுப் பெயரைச் சொன்னார். ஆறாவது ஆளாக எழுதினேன்.

அந்தச் சாய்ப்பும் ஒரு கலவாவோதான். ஹவாயின் அந்நாள் சட்டம், நோயாளியின் துணைக்கு மணமுறிவு பெற வழி கொடுத்தது. நம் நாட்டிலோ தொழுநோயைக் காட்டி மணமுறிவு கேட்கும் பிரிவு 2019-இல்தான் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியாவில்தான்.

பெரும்பாலானோர் உடம்புக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. கூட்டு மருந்து தொடங்கிவிட்டால் சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றாது. தோலில் உணர்ச்சியற்ற வெளிர்ந்த தேமலோ சிவந்த படையோ கண்டால், மறைக்காமல் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை, காசு கிடையாது. முழுதாகக் குணமாகும். உங்கள் வீட்டில் யாரையும் பின்கட்டில் வைக்காதீர்கள். குடும்பத்தில் ஒரு பெயரையும் சொல்லாமல் விடாதீர்கள்.