கடன் பாட்டு

எங்கள் ஆயா அரிசி புடைக்கும்போதெல்லாம் ஒரு பாட்டு பாடும். "கடன் கடன்" என்று எடுக்கும். அப்புறம் வருவது எந்தப் பாஷை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து விவசாயி வீட்டில் கடனைப் பற்றிப் பாட்டு இருந்தால் அதில் என்ன ஆச்சரியம்?

எங்கே கற்றாய் என்று கேட்டால் "மலாயாவுல" என்று சொல்லும். எங்கள் தெருமுனையில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். அங்கே இருக்கிற பழங்குடிகளுக்குப் பேர் மலையாளிகள், ஆகவே அதுதான் மலாயா என்பது என் சிறுவயதுக் கணக்கு. விவரம் தெரிந்த பிறகும் அந்தக் கணக்கு முழுசாக அழியவில்லை. ஆயா போய்ப் பல வருஷம் கழித்து, வெள்ளிமலையில் டீக்கடைத் திண்ணையில் இருந்த பெரியவரிடம் வெட்கத்தை விட்டு அந்த மெட்டைப் பாடிக் காட்டினேன்.

"எங்க பாட்டு இல்ல தம்பி. இது காலை எண்ணி வெச்சு நடக்கிற பாட்டு. இந்த ஏத்தத்துல எண்ணி வெச்சா உருண்டுடுவோம்."

கிடைத்த முதல் துப்பு அதுதான். அடுத்த குடியரசு தினத்தில் டிவியில் ராணுவ பேண்டு அதே மெட்டை வாசித்தபோது பாதி இட்லியோடு எழுந்து நின்றுவிட்டேன்.

'கதம் கதம் படாயே ஜா'. கதம் என்றால் காலடி. இந்திய தேசிய ராணுவத்தின் நடைப்பாட்டு. எழுதியவர் வம்சீதர் சுக்லா. மெட்டுப் போட்டவர் கேப்டன் ராம்சிங் தாக்குரி, தர்மசாலாப் பக்கத்து கூர்க்கா. வெள்ளைக்காரன் படையில் போய் ஜப்பான்காரனிடம் கைதாகி, நேதாஜி படையின் இசைக்குழுவை நடத்தியவர். நேதாஜியே அவருக்கு ஒரு வயலின் கொடுத்திருக்கிறார்.

மலாயாவில் அந்தப் படைக்கு வந்த சாதாரண ஜனங்களில் பெரும்பகுதி தமிழர்கள், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர்கள். தென்னாற்காடு, சேலம், திருச்சி ஜில்லாக்களில் கங்காணிகள் பிடித்து நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிய குடும்பங்கள். (கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு.) 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணி படை தொடங்கியபோது அதில் சேர்ந்த பெண்களிலும் தோட்டத்துப் பெண்கள் நிறைய. பிள்ளைகளுக்குப் பாலசேனை. படையின் பாஷையோ இந்துஸ்தானி! அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். லயத்து வீட்டுப் பிள்ளைக்குக் காதில் விழுந்த 'கதம்', அதற்கு நன்றாகத் தெரிந்த 'கடன்' ஆகிவிட்டது. எனக்கு வம்சீதர் சுக்லாவைவிட இந்தத் திருத்தம்தான் பிடித்திருக்கிறது.

ஆயாவின் தங்கை, சின்ன ஆயா, திருக்கோவிலூரில் இருக்கிறது. காது கொஞ்சம் மந்தம். செல்போனில் பாட்டைப் போட்டுக் காதருகே பிடித்தேன். விரல் முழங்காலில் தாளம் போட்டது. கதம் என்றால் காலடி, கடன் இல்லை என்று விளக்கினேன்.

இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டது.

"நல்லாக் கேளு. கடன் கடன்னுதான் பாடறான்."