ஒரே எண்

எங்கள் சீர்காழிக்குப் பன்னிரண்டு திருநாமங்கள் உண்டு. பிரமபுரம் என்றாலும் தோணிபுரம் என்றாலும் ஊர் ஒன்றுதான். மனிதனுக்கு இரண்டு எண்கள் வாய்த்தால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூரில்தான் கற்றுக்கொண்டேன்.

மகள் வீட்டுக்குப் புறப்படுகையில், "ஊர் சிம்மில் இணையத்தைத் திறந்தால் பணம் கரைந்துவிடும்" என்று சிநேகிதர்கள் எச்சரித்தார்கள். ஆகவே சாங்கி விமான நிலையத்தில் உள்ளூர் சிம் வாங்கினேன். பழையதைக் கழற்றிப் பர்ஸில் பத்திரப்படுத்தினேன். என்னுடைய சிக்கனத்தைப் பற்றி எனக்கே பெருமிதம்!

மூன்றாம் நாள் இரவு ஊரில் அம்மா வாசற்படியில் இடறி விழுந்தாள். அவளுக்கு மனப்பாடமான எண் ஒன்றே. விடியும்வரை அதையே அழைத்திருக்கிறாள். பர்ஸுக்குள் கிடந்த சிம் எப்படிப் பதில் சொல்லும்? காலையில் அண்டை வீட்டார் மகளின் எண்ணைத் தேடிப் பிடித்துச் சொன்னார்கள். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

அந்நாளில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் போனவர்களின் கடிதத்துக்காக வீட்டார் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். விநாடியில் பேச வசதியிருந்தும் நான் அம்மாவைக் காக்க வைத்தேன்.

மகள்தான் வழி சொன்னாள். புறப்படுமுன் ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங்கை இயக்கிக்கொள்ள வேண்டும். அதில் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு, இணையத்துக்கு உள்ளூர் சிம்மையோ இ-சிம்மையோ வைத்துக்கொள்ளலாம். வங்கியின் ஓடிபியும் ஊர் எண்ணுக்கே வந்து சேரும்.

அழைப்பை எடுத்தால் கட்டணம் ஆகுமே என்பீர்கள். வாஸ்தவந்தான். ஆனாலும் இப்போது அம்மாவின் பெயர் திரையில் தெரிந்தால் நான் கணக்குப் பார்ப்பதில்லை, எடுத்துவிடுகிறேன்.