கறுப்பு மண்ணும் முயல் வேகமும்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம். அட்லான்டிக் கடலோரத்தில் பாம் பீச் தீவு. டொனால்டு ட்ரம்ப்பின் மார்-அ-லாகோ மாளிகை இருக்கும் இடம். அந்த மாளிகைக்குப் பக்கத்திலிருந்து மேற்கே ஒரு சாலை கிளம்புகிறது. முதலில் விமான நிலையம் வரும். பிறகு கடைகள், புதுப்புதுக் குடியிருப்புகள். அதெல்லாம் முடிந்ததும் இரண்டு பக்கமும் கரும்பு, கரும்பு, கரும்பு மட்டுமே. சுமார் 70 கிலோமீட்டர் தாண்டினால் பெல் கிளேட் என்ற சிற்றூர். மக்கள் தொகை 17,000-க்குள். அங்கிருந்து ஏரிக்கரையோரமாக இருபது நிமிடம் போனால் பஹோக்கி. அது இன்னும் சின்னது, சுமார் 5,500 பேர். கோடீஸ்வரர்களின் பாம் பீச்சும் இந்த இரண்டு ஊர்களும் ஒரே மாவட்டம் என்றால் நம்புவது கஷ்டம்தான்.

இந்த இரண்டு ஊர்களின் பள்ளிக்கூடங்களிலிருந்து, அமெரிக்க ஃபுட்பாலின் உச்சமான என்.எஃப்.எல் லீக்குக்குப் போனவர்கள் ஒருவர் இருவரல்ல. டஜன் கணக்கில் போயிருக்கிறார்கள்.

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியும் ரொனால்டோவும் நினைவுக்கு வரவேண்டாம். இது வேறு ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிரணி பாய்ந்து மேலே விழுந்து தடுக்கும். தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் உண்டு. அமெரிக்காவில் கிரிக்கெட், சினிமா, திருவிழா மூன்றும் சேர்ந்த இடம் இந்த ஆட்டத்துக்கு. வெள்ளிக்கிழமை இரவு பள்ளி ஆட்டம், சனிக்கிழமை கல்லூரி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல். வாரத்தின் கடைசி மூன்று நாள்களும் இதற்கே போய்விடும்.

பெல் கிளேட், பஹோக்கி வட்டாரத்துக்கு ‘மக்’ என்று பெயர். மக் என்றால் மட்கிய தாவரங்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் படிந்து உண்டான கரிய சேற்று மண். பக்கத்திலேயே சுமார் 1,900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒக்கிசோபி ஏரி. அதன் தெற்குச் சதுப்பு நிலத்தை வடித்துத்தான் இந்த விவசாய பூமியை உண்டாக்கினார்கள். ‘அவள் மண்ணே அவள் செல்வம்’ என்பது பெல் கிளேட் நகரின் வாசகம். அந்தச் செல்வம் யாருக்குப் போனது என்பது தனிக்கதை.

1928 செப்டம்பரில் வந்த புயலில் ஏரிக்கரை உடைந்தது. குறைந்தது 2,500 பேர் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் வயலில் கூலி வேலை பார்த்த கறுப்பின மக்கள். மரத்தட்டுப்பாட்டில் சவப்பெட்டிகள் வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்டன. வெஸ்ட் பாம் பீச்சில் 674 கறுப்பினத்தவரைப் பெட்டியில்லாமல் ஒரே குழியில் புதைத்தார்கள். 1960-ல் எட்வர்ட் மரோ என்ற புகழ்பெற்ற செய்தியாளர், அமெரிக்க விவசாயக் கூலிகளின் நிலையைக் காட்டும் தொலைக்காட்சி ஆவணப்படம் எடுத்தபோது, அதன் தொடக்கக் காட்சியை பெல் கிளேடில்தான் படமாக்கினார். அதிகாலையில் கூலிக்கு ஆள் எடுக்கும் காட்சி அது.

இனி முயல் கதை. அக்டோபரில் கரும்பு வெட்டு ஆரம்பித்து வசந்தகாலம் வரை நடக்கும். வெட்டுவதற்கு முன் வயலுக்குத் தீ வைப்பார்கள். காய்ந்த சோகை எரிந்து போகும், கரும்பு நிற்கும். தீ நெருங்கியதும் உள்ளே பதுங்கியிருக்கும் முயல்கள் வெளியே பாயும். வரப்பில் காத்திருக்கும் பையன்கள் அவற்றை வெறுங்கையால் துரத்திப் பிடிப்பார்கள். வீட்டுக் குழம்புக்குப் போக மிச்சத்தை விற்றால் சில டாலர்கள் கிடைக்கும். முயல் நேராக ஓடாது. சடாரென்று வளையும், நிற்கும், திரும்பும். அதைப் பிடிக்கக் கற்றவனை எந்தத் தடுப்பாட்டக்காரன் பிடிக்க முடியும் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் இந்தக் காட்சியைப் படம்பிடித்துச் சலித்துவிட்டன.

அழகான கதைதான். ஆனால் முயல் துரத்தியதால் வேகம் வந்ததா, வேகம் இருந்தவன் முயல் பிடித்தானா? கரும்பே இல்லாத மயாமியின் ஏழைத் தெருக்களிலிருந்தும் இதே வேகத்தில் பையன்கள் வருகிறார்களே!

அமெரிக்க வரைபடத்தை விரித்தால் விஷயம் கொஞ்சம் புரியும். டெக்சாஸ், ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா, ஜார்ஜியா ஆகிய மாநிலங்கள்தான் கல்லூரிகளுக்கு அதிக ஆட்டக்காரர்களைத் தருகின்றன. மக்கள்தொகைக்கு எத்தனை பேர் என்று பார்த்தால், லூசியானா போன்ற சின்னத் தென்மாநிலங்களும் முன்னால் வரும். வடக்கே பனி கொட்டும் விஸ்கான்சினும் அயோவாவும் வேறு ரகம். வேகக்காரர்களைவிட முன்வரிசையில் மதில்போல் நிற்கும் கனத்த சரீரக்காரர்களுக்கே அவை பெயர் பெற்றவை. சுமார் 50,000 பேர் மட்டுமே வாழும் பசிபிக் தீவான அமெரிக்க சமோவாவிலிருந்து என்.எஃப்.எல்-லுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு காலத்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ‘குவார்ட்டர்பேக்’ வேண்டுமென்றால் எல்லோரும் மேற்கு பென்சில்வேனியாவைப் பார்ப்பார்கள். யுனைடஸ், நேமத், மொன்டானா, மரினோ, ஜிம் கெல்லி என்ற ஐந்து ஜாம்பவான்களும் அந்தச் சுரங்க, இரும்பாலைப் பகுதிக்காரர்கள். ஆலைகள் மூடின, இளம் குடும்பங்கள் வெளியேறின, அந்த ஊற்று சுருங்கியது. ரத்தத்தில் ஊறியது என்று சொல்பவர்கள் பென்சில்வேனியாவை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஃப்ளோரிடாவில் வருடம் முழுக்க வெயில். சிறுவர் லீக்குகள் ஆறேழு வயதிலேயே ஆரம்பித்துவிடுகின்றன. பள்ளி அணிகளுக்கு வசந்தகாலப் பயிற்சிக்கும் அனுமதி உண்டு. வடக்கே பல மாநிலங்களில் அது கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரை விட்டுப் போக வேறு வழி எத்தனை இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. 1990-களில் கரும்பு வெட்ட இயந்திரம் வந்தது. அதன்பின் கடினமான அந்தக் கூலி வேலையும் இல்லாமல் போனது.

அந்த வழியின் வாசல்தான் ‘ரெக்ரூட்டிங்’. பள்ளியில் நன்றாக ஆடும் பையனைக் கல்லூரிகள் தேடிவந்து, படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தந்து அழைத்துப் போவது. ஏறக்குறைய நம் ஊர் பெண் பார்க்கும் படலம் மாதிரி. லட்சக்கணக்கில், சிலர் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள் பஹோக்கியின் சின்ன வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பையனின் பாட்டி சமைத்ததைப் புகழ்ந்து சாப்பிடுவார்கள். பையனுக்கு இணையதளங்கள் இரண்டிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போடுகின்றன. 40 கஜம் ஓட எத்தனை நொடி என்பதுதான் ஜாதகம். 4.4 நொடி என்றால் வாசலில் கார்கள் வரிசை கட்டும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1960-கள் வரை தெற்கின் பெரிய வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்கவேயில்லை. திறமை வாசலிலேயே இருந்தது, கதவு மூடியிருந்தது. டெக்சாஸின் போமான்ட் ஊரிலிருந்து பப்பா ஸ்மித் என்ற ராட்சச உருவம் 2,000 கிலோமீட்டர் தாண்டி மிச்சிகன் ஸ்டேட் போனது அதனால்தான். அந்த அணியில் தெற்கிலிருந்து போன கறுப்பினப் பையன்கள் பலர் இருந்தார்கள். 1966-ல் அவர்கள் நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்று. 1967 டிராஃப்ட்டில் என்.எஃப்.எல் முதல் ஆளாக எடுத்தது ஸ்மித்தைத்தான். தெற்குப் பல்கலைக்கழகங்கள் தங்கள் கதவைத் திறந்த பிறகு ஆட்டத்தின் அதிகாரமே தெற்கு நோக்கி நகர்ந்தது.

மயாமி பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக 1979-ல் வந்த ஹோவர்டு ஷ்னெலன்பெர்கர் இன்னொரு காரியம் செய்தார். தென் ஃப்ளோரிடாவைச் சுற்றி மனதில் ஒரு வேலி போட்டு, ‘மயாமி தேசம்’ என்று பெயர் வைத்தார். இந்த எல்லைக்குள் இருக்கும் பையன்களை வெளியே விடக்கூடாது என்பதே திட்டம். அடுத்த ஐந்தாவது சீசனில் தேசிய சாம்பியன் பட்டம். அதுவரை அந்தத் தெருக்களை எட்டிப் பார்க்காதவர்களும் விமானம் ஏறி வர ஆரம்பித்தார்கள்.

மக் மண்ணின் பெருமைக்கு ஒரே ஒரு ராத்திரி போதும். 2009 பிப்ரவரி 1. ஃப்ளோரிடாவிலேயே டாம்பா நகரில் சூப்பர் பௌல் இறுதிப்போட்டி. ஒரு பக்கம் அரிசோனாவுக்காக அன்குவான் போல்டின், பஹோக்கி பையன். மறுபக்கம் பிட்ஸ்பர்க்குக்காக சான்டோனியோ ஹோம்ஸ், பெல் கிளேட் பையன். அரிசோனா முந்தியிருந்தது. ஆட்டம் முடிய 35 நொடி இருக்கும்போது, மைதானத்தின் ஓர் ஓரத்தில் மூன்று பேருக்கு நடுவே கைகளை நீட்டி, இரண்டு கால்களின் நுனிவிரல் மட்டும் கோட்டுக்குள் இருக்க ஹோம்ஸ் பந்தைப் பிடித்தார். பிட்ஸ்பர்க் 27, அரிசோனா 23. ஆட்டநாயகன் விருதும் அவருக்கே. கோடிக்கணக்கானவர்கள் பார்த்த அந்த ஆட்டத்தில், பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பையன்கள் இருவர் எதிரெதிராக நின்றார்கள்.

அந்த இரண்டு ஊர்களுக்கும் அது புதிதல்ல. 1984 முதல் பஹோக்கியும் பெல் கிளேடின் கிளேட்ஸ் சென்ட்ரல் பள்ளியும் ஆண்டுதோறும் மோதுகின்றன. ‘மக் பௌல்’ என்று பெயர். வெளியூரில் வேலைக்குப் போனவர்கள் பொங்கலுக்கு வருவதுபோல அதற்கு ஊர் திரும்புவார்கள். ரிக்கி ஜாக்சன் பஹோக்கிக்காரர், 2010-ல் என்.எஃப்.எல் புகழ்மண்டபத்தில் இடம்பிடித்தவர். ஃப்ரெட் டெய்லர் பெல் கிளேட்காரர், பந்தோடு 11,000 கஜத்துக்கு மேல் ஓடித் தீர்த்தவர். பட்டியல் நீளம்.

பட்டியலில் இல்லாதவர்கள்தான் அதிகம். அமெரிக்கா முழுவதும் சுமார் 10 லட்சம் பள்ளிப் பையன்கள் இதை ஆடுகிறார்கள். கல்லூரியில் ஆடப்போவது நூற்றுக்கு ஏழு பேர் போல. கல்லூரியில் ஆடியவர்களில் என்.எஃப்.எல்-லுக்குப் போவது நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. முழங்கால் ஒருமுறை முறிந்தால் நட்சத்திரம், கார் வரிசை எல்லாம் போச்சு.

விதிகளும் மாறிவிட்டன. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். நியாயமான மாற்றம், தாமதமாக வந்தது. ஆனால் கல்லூரி விட்டுக் கல்லூரி தாவுவதும் எளிதாகிவிட்டது. பயிற்சியாளர்கள் 17 வயதுப் பையனை வளர்ப்பதைவிட, வேறு கல்லூரியில் பழுத்தவனை வாங்கிவிடவே பார்க்கிறார்கள். ஐந்து நட்சத்திரப் பையனுக்குக் கவலை இல்லை. மூன்று நட்சத்திரத்தோடு பஹோக்கியில் காத்திருப்பவனுக்குத்தான் நாற்காலி குறைகிறது.

இன்னமும் கரும்பு எரிகிறது. காற்று கிழக்கே, பணக்காரக் கடலோரத்தை நோக்கி வீசும் நாள்களில் தீ வைக்க அனுமதி கிடையாது. ஏரிக்கரை ஊர்களை நோக்கி வீசினால் அப்படியொரு தடை இல்லை. விழும் கரித்தூளுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘கறுப்புப் பனி’. கொடியில் காயும் துணியிலும், பயிற்சி மைதானத்திலும் அது விழுகிறது.

பெல் கிளேட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கான்கிரீட் கம்பம் இருக்கிறது. 1924-ல் ஒன்பது அடிக் கம்பத்தை அடிப்பாறை வரை இறக்கி, அதன் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி நட்டார்கள். வடிக்கப்பட்ட சேற்று மண் காற்றுப்பட்டுக் கரைந்துகொண்டே போகிறது. அன்று தரையோடு தரையாக இருந்த கம்பம் இப்போது ஆறடிக்கு மேல் வெளியே நிற்கிறது. பக்கத்தில் போய் நின்றால், பெரும்பாலானவர்கள் அதன் உச்சியை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.