பாட்டி மேல தப்பில்லை! பேத்தி போட்ட கணக்கு

மார்கழி மாதம், விடிகாலை நாலரை மணி. தென்னூர் உழவர் சந்தை அருகே ஒரு வீட்டில் பிளாஸ்டிக் கருகும் வாசனை.

ஸ்ரீரங்கம் கிளம்பிக்கொண்டிருந்த பாட்டி, குளிக்க வாளியில் ஹீட்டர் ராடு போட்டிருந்தார். ஓடிவந்த மருமகள் மெயின் சுவிட்சை அணைத்தார். பிளக்கின் ஒரு பின் கறுத்து, சுவிட்ச் போர்டு உருகியிருந்தது.

“ராடைப் போட்டுட்டுத் தூங்கிட்டீங்களா அத்தை?”

“இல்லம்மா, கால் மணி நேரம்கூட ஆகலை.”

யாரும் நம்பவில்லை. மறுநாளிலிருந்து பாட்டி பச்சைத்தண்ணீரில் குளிக்க ஆரம்பித்தார். பேச்சும் குறைந்துபோனது.

பேத்தி பத்தாம் வகுப்பு. அப்போதுதான் ‘மின்னோட்டவியல்’ பாடம் முடித்திருந்தாள். ராடில் அச்சிட்டிருந்ததைப் பார்த்தாள்: 230 வோல்ட், 1500 வாட்.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன். 1500-ஐ 230-ஆல் வகுத்தால், ராடுக்குள் ஓடுவது சுமார் 6.5 ஆம்பியர். ஜெர்மனியைச் சேர்ந்த ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதிப்படி, 230-ஐ 6.5-ஆல் வகுத்தால் ராடின் தடை சுமார் 35 ஓம்.

அந்த பிளக் பாயின்ட்டில் எழுதியிருந்ததோ 6 ஆம்பியர்! டி.வி-க்கும் மிக்ஸிக்கும் போதும், ராடுக்குப் போதாது.

ஆனால், அரை ஆம்பியர் கூடினால் போர்டு உருகிவிடுமா? ஃபியூஸ் ஏன் போகவில்லை?

பதில் எலெக்ட்ரீஷியன் வந்து போர்டைக் கழற்றியபோது கிடைத்தது. உள்ளே ஒயரைப் பிடிக்கும் ஸ்குரு லூஸாக இருந்தது. லூஸான இடத்தில் தடை அதிகம். அங்கே அரை ஓம் என்று வைத்துக்கொண்டு பேத்தி கணக்குப் போட்டாள். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இது 1841-ல் ஜேம்ஸ் ஜூல் வெளியிட்டது. 6.5 × 6.5 × 0.5 = சுமார் 21 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அதே அளவு சூடு தினமும் அந்தச் சின்ன ஸ்குருவில் இறங்கியிருக்கிறது.

ஃபியூஸ் கவனிப்பது அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை மட்டுமே. லூஸ் கனெக்‌ஷனால் மின்னோட்டம் கூடாது. அதனால் ஃபியூஸுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பேத்தி இன்னொரு கணக்கும் போட்டாள். 1500 வாட் ராடு, 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 50 நிமிடம் ஆகும். அன்று வாளித் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

“பாட்டி தூங்கவே இல்லைம்மா. தூங்கியிருந்தா தண்ணி கொதிச்சிருக்கும்!”

அம்மா அந்த நோட்டையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த வீட்டில் ராடுக்கென்று தனியாக எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ராடு, அயர்ன் பாக்ஸ் போடுவதில்லை. பிளக்கைக் கழற்றும்போது சூடாக இருந்தால், உடனே எலெக்ட்ரீஷியனுக்குப் போன். சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிய பிறகுதான் தண்ணீரில் கை.

மறுநாள் விடிகாலை, பாட்டி எழுவதற்குள் வாளியில் வெந்நீர் தயாராக இருந்தது.

“அத்தை, குளிச்சிட்டுக் கிளம்புங்க. நானும் ஸ்ரீரங்கம் வர்றேன்” என்றார் மருமகள்.