பெருமுக்கல் பாடக்குறிப்பேடு

திங்கள்: பாடநூல்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தொன்மை நாகரிகங்கள் இருமுறை விரிவாக வருகின்றன. ஆறாம் வகுப்பு சிந்துவெளியையும் தமிழகத்தின் பண்டைய நகரங்களையும் அறிமுகப்படுத்த, ஒன்பதாம் வகுப்பு எகிப்து, மெசபடோமியா, சீனம், சிந்துவெளி ஆகிய நான்கையும் ஒரே பாடத்தில் தந்து, பின்னர்த் தொடக்ககாலத் தமிழ்ச் சமூகத்துக்கு வருகிறது. பாடம் செறிவானதே எனினும், அது பெரிதும் கோடிட்ட இடங்களை நிரப்புதல், பொருத்துதல், சரியான விடையைத் தேர்ந்தெடுத்தல் ஆகிய வினாக்களாலேயே சோதிக்கப்படுகிறது. பெருங்குளம் மொகஞ்சதாரோவில் உள்ளது என்று எழுதி ஒரு மதிப்பெண் பெறும் மாணவர், நெருக்கி அடுக்கிய செங்கல், நீர் கசியாதிருக்கப் பூசிய கீல், எதிரெதிரே இறங்கும் படிகள், நீர் வெளியேறும் வடிகால் ஆகியவற்றைக் கொண்டே அது நீராடும் குளமாகக் கருதப்படுகிறது என்பதைச் சொல்லும் வாய்ப்பைப் பெரும்பாலும் பெறுவதில்லை.

செவ்வாய்: குன்று

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையை ஒட்டி எழும் பெருமுக்கல் குன்று, இக்குறையைத் தீர்க்க ஏற்ற களமாகும். சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட சிவன் கோயிலும், 1760இல் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படை பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய கோட்டையின் எச்சங்களும் இங்கு உள்ளன. இவற்றினும் மிகத் தொன்மையானவையாகக் கருதப்படும் பாறைக் கீறல்களும் இங்கு உள்ளன. வண்ணம் தீட்டி வரைவது பாறை ஓவியம். கல்லால் கொத்தியும் தேய்த்தும் பள்ளமாக்குவது பாறைக் கீறல். விழுப்புரத்தை அடுத்த கீழ்வாலையில் இருப்பது முதல் வகை, பெருமுக்கல்லில் இருப்பது இரண்டாம் வகை.

மாணவரை இங்கு அழைத்து வருமுன் விளக்கம் எதுவும் சொல்லாதிருப்பது நன்று. கோடுகளை உள்ளபடியே தாளில் வரையச் செய்து, அதன் கீழ் ‘கண்டது’, ‘ஊகித்தது’, ‘இன்னும் தெரியாதது’ என மூன்று கட்டங்களை நிரப்பச் செய்தால், கண்ணுக்குத் தெரிவதையும் மனம் சேர்ப்பதையும் அவர்களே பிரித்துணர்வர். கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணக்கட்டியால் அவற்றின் மீது தீட்டுவது சான்றையே சிதைக்கும் செயல் என்பதும் இப்பாடத்தின் பகுதியாகும்.

புதன்: கடற்கரை

சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம், உப்பளங்கள் சூழ்ந்த இன்றைய மரக்காணமே என்றும், கிரேக்க நூலான பெரிப்ளூஸ் குறிக்கும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர். ‘கருதுவர்’ என்ற சொல்லுக்கும் ‘ஆகும்’ என்ற சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் தம் விடையில் காப்பாற்றுகிறாரா என்று பார்ப்பதே ஒரு நல்ல மதிப்பீடாகும்.

வியாழன்: காலம்

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், காலம் முன்பே அறியப்பட்ட இத்தாலிய அரெட்டைன் மட்கலங்களைக் கொண்டு, அவற்றுடன் கிடைத்த உள்ளூர்ப் பானைகளின் காலத்தைக் கணித்தார். 1989 முதல் 1992 வரை அங்கு அகழ்ந்த விமலா பெக்லியின் ஆய்வு, அவ்வூரின் தொடக்கத்தை மேலும் முந்தைய காலத்துக்குக் கொண்டு சென்றது. கீழடியில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம், கதிரியக்கக் கரிமப் பகுப்பாய்வால், அதாவது உயிர்ப்பொருள் இறந்தபின் அதிலுள்ள ஒருவகைக் கரிமம் குறைந்துவரும் அளவைக் கணக்கிடும் முறையால், கி.மு. 580 என அறியப்பட்டது. பாறையில் வெட்டிய வெறும் பள்ளத்தில் அவ்வாறு ஆய்வதற்குரிய கரிமப்பொருள் இல்லையாதலால், பெருமுக்கல் கீறல்களுக்கு அதே துணிவுடன் ஆண்டு கூற இயலாது.

அக்கீறல்கள் சிலவற்றுக்கும் சிந்துவெளிக் குறியீடுகளுக்கும் வடிவ ஒற்றுமை சுட்டப்பட்டுள்ளது. ஆயினும், ஜான் மார்ஷல் 1924 செப்டம்பரில் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்து நூறாண்டு கடந்தும் அவ்வெழுத்து அனைவரும் ஏற்கும் வகையில் படிக்கப்படவில்லை. 2025 சனவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சர் அதைப் படித்தறிவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்ததும் இதனாலேயே. வடிவம் ஒத்திருப்பது ஆய்வைத் தொடங்கப் போதுமான காரணம். தொடர்பை நிறுவ அது மட்டும் போதாது.

வெள்ளி: வினாத்தாள்

முப்பருவ முறை 40 மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டுக்கும், அதாவது கற்கும்போதே செயல்பாடுகளாலும் சிறுதேர்வுகளாலும் அளப்பதற்கும், 60 மதிப்பெண்ணைப் பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் ஒதுக்கியது. குன்றில் நிரப்பிய மூன்று கட்டத் தாள் முதலாவதற்குப் பொருந்தும். இரண்டாவதற்கு, ‘பெருமுக்கல் கீறல்களின் வடிவத்திலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல இயலாது?’ என்னும் ஐந்து மதிப்பெண் வினா பொருந்தும்: சான்றை விவரிப்பதற்கு இரண்டு, காரணத்துடன் முடிவு கூறுவதற்கு இரண்டு, இனி என்ன சான்று வேண்டும் என்பதற்கு ஒன்று. தொடர்பு உண்டு என வாதிடும் மாணவரும் இல்லை என வாதிடும் மாணவரும் முழு மதிப்பெண் பெறும் வகையில் விடைக்குறிப்பு அமைய வேண்டும்.

இவ்வினாவைக் கேட்பதற்குப் புதிய பாடநூலோ கூடுதல் பாடவேளையோ தேவையில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு குன்றோ மேடோ கல்வெட்டோ உண்டு. வரலாற்று வினாத்தாள் ஒவ்வொன்றிலும் ஒரு வினாவேனும் அங்கிருந்து எழ ஆசிரியர்கள் வழிசெய்ய வேண்டும்.