நாற்பது வளைவுகளும் ஒரு பழைய மாருதியும்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை சாலை பரம சாது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் நேர்கோடாக ஓடும் தார்ச்சாலை. எந்த வண்டியும் இங்கே நல்ல பிள்ளையாகத்தான் ஓடும். அணையைத் தாண்டி வனத்துறை சோதனைச்சாவடியைக் கடந்த பிறகுதான் வால்பாறைச் சாலை தன் குணத்தைக் காட்டும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையேற வந்த வண்டிகளில் 2007-ம் வருடத்து மாருதி 800-ம் ஒன்று. 796 சிசி, மூன்று சிலிண்டர், நான்கு கியர். உள்ளே அப்பா, அம்மா, அப்பத்தா, லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆன மகள்.

வெளியே சொல்லாவிட்டாலும் அது வண்டிக்கு வைத்த பரீட்சை. 15 வருடம் முடிந்தபோது 2022-ல் ஆர்.சி.யைப் புதுப்பித்தார்கள். அந்த ஐந்து வருடமும் முடியப்போகிறது. மறுபடி புதுப்பிப்பதா, விற்றுவிடுவதா? அப்பாவுக்கு இரண்டு குறை. "மைலேஜும் இல்ல, ஏத்தத்துல இழுவையும் இல்ல." லிட்டருக்கு 14 கிலோமீட்டரைத் தாண்டவில்லை என்பது அவர் கணக்கு.

முந்தைய வாரம் மெக்கானிக் பார்த்ததில் பெரிய நோய் எதுவும் இல்லை. ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்துக் கிடந்தது. பின்சக்கரத்தில் ஒன்று பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே சுற்றியது. நான்கு டயரிலும் காற்று குறைவு. டிக்கியில் யாரும் தொடாத இரண்டு மூட்டைப் பழைய சாமான். எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "வண்டி நல்லா இருக்குதுங்க சார். இனி உங்க காலுலயும் கையிலயும்தான் இருக்குது."

சமவெளியில் அப்பா ஓட்டியதில் குறை சொல்ல ஏதுமில்லை. நான்காவது கியர், ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே முள். இந்த மாதிரிச் சின்ன வண்டிக்குப் பெட்ரோல் மிச்சமாகும் வேகம் அது. அதற்கு மேல் போகப் போகக் காற்றைக் கிழிப்பதற்கே பெட்ரோல் கரையும்.

சிக்கல் குரங்கு அருவியைத் தாண்டியதும் தொடங்கியது. கியரைக் குறைத்தால் பெட்ரோல் குடிக்கும் என்பது அப்பாவின் நம்பிக்கை. மூன்றாவது கியரிலேயே வளைவுக்குள் நுழைவார். வண்டி உதறும். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்துவார். இன்ஜின் முனகும், வேகம் ஏறாது. கடைசி நொடியில், வளைவின் நடுவில், இரண்டாவது கியருக்குத் தடுமாறுவார். பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடிக்கும்.

ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை நீலத் தட்டுபோல் கிடக்கும். பாறைச்சரிவில் சில நாள் வரையாடுகளும் நிற்கும். அங்கே எல்லோரும் இறங்கி நின்றபோது மகள் சாவியைக் கேட்டாள்.

"இன்னும் 31 வளைவு இருக்குது கண்ணு."

"தெரியுமுங்கப்பா. நீங்க பக்கத்துல உக்காருங்க."

இந்த வண்டியில் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர் கிடையாது. காதுதான் மீட்டர். சத்தம் கனத்து அதிர ஆரம்பித்தால் கியரைக் குறைக்க வேண்டும். கீச்சிட்டால் கூட்ட வேண்டும். மகள் வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுவாள். வளைவுக்குள் கிளட்ச் பக்கம் கால் போகாது. திரும்பி முடித்ததும் சீராக மிதிப்பாள், சத்தம் இளகியதும் மூன்றாவது. எதிரே லாரி வந்து ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால், பாதி கிளட்சில் வண்டியைத் தொங்கவிடாமல் ஹேண்ட்பிரேக் போட்டுக் கிளப்பினாள். ஏ.சி. அணைந்திருந்தது. ஜன்னல் வழியே வரும் குளிருக்கு அது தேவையும் இல்லை.

பெரிய கியரில் இன்ஜின் திணறும்போது ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பெட்ரோல்தான் கூடுதலாக உள்ளே போகும், இழுவை அந்த அளவுக்கு வெளியே வராது. சரியான கியரில் அதே இன்ஜின் பாதி மிதிக்கே ஏறிவிடும். மைலேஜும் இழுவையும் ஒன்றை விட்டால்தான் மற்றது என்பதில்லை. ஏற்றத்தில் இரண்டும் ஒரே கியரில்தான் இருக்கின்றன.

ஆனாலும் மலை தன் கூலியை வாங்காமல் விடாது. வண்டியும் நான்கு பேரும் சேர்த்து சுமார் 900 கிலோ. அதை 3,000 அடி உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல் வேண்டும். எத்தனை கெட்டிக்காரர் ஓட்டினாலும் இது குறையாது. டிக்கியிலிருந்து இறக்கிய மூட்டைகளின் அருமை இங்கேதான் தெரியும்.

அட்டகட்டிக்குப் பிறகு காடும் தேயிலையும் மாறி மாறி வந்தன. கவர்கல்லில் பனிமூட்டம் கண்ணாடியில் படிந்தது. அப்பத்தா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வால்பாறையில் சூடான சாப்பாடு. புதுத்தோட்டம் பக்கம் மரம்விட்டு மரம் தாவிய சிங்கவால் குரங்குகளை வண்டிக்குள் இருந்தபடியே வேடிக்கை பார்த்தார்கள். தீனி எதுவும் போடவில்லை.

திரும்பும்போது ஸ்டீயரிங் மறுபடி அப்பாவிடம். "ஏத்தத்துல குடுத்தத இறக்கத்துல வாங்கிக்கலாம்" என்று நாற்பதாவது வளைவிலேயே நியூட்ரலுக்குத் தள்ளினார். வண்டி சத்தமில்லாமல் வழுக்கியது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக், மறுபடி பிரேக்.

இருபத்துநான்காவது வளைவு நெருங்கும்போது ரப்பர் கருகும் வாசனை. பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. அப்பாவின் முகம் மாறியதை அப்பத்தாகூடக் கவனித்துவிட்டார். மகள் பதறவில்லை. "மூணாவது போடுங்கப்பா. இப்ப ரெண்டாவது." இன்ஜின் உறுமி வண்டியைப் பிடித்தது. அடுத்த அகலமான இடத்தில், மலைப்பக்கமாக ஓரம் கட்டினார்கள்.

சக்கரம் அனலாகக் கொதித்தது. அதில் தண்ணீர் ஊற்றாமல், தானாக ஆறட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தார்கள். அந்த அரை மணியில்தான் மகள் சொன்னாள்.

அப்பா வண்டி பழகியது கார்புரேட்டர் காலம். அப்போது நியூட்ரலில் இறங்கினால் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமானது உண்மைதான். ஆபத்து அன்றும் இருந்தது. ஆனால், இது எம்.பி.எஃப்.ஐ. வண்டி. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றவைக்கும். கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலிலோ, இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும்.

"அப்ப நான் காசும் மிச்சம் பண்ணல, பிரேக்கையும் கெடுத்திருக்கேன்."

மகள் பதில் சொல்லவில்லை. அம்மாதான், "போதுமுங்க, மெதுவா எறங்குனா சரி" என்றார்.

ஏறிவந்த அதே இரண்டாவது கியரில் அப்பா இறங்கினார். பிரேக்கை எப்போதாவது தொட்டார். மேலே ஏறிவரும் வண்டிகளுக்கு நின்று வழிவிட்டார். முதலாம் எண் பலகை தாண்டியதும் மூச்சுவிட்டார்.

பொள்ளாச்சியில், காலையில் டேங்க்கை நிரப்பிய அதே பங்க்கில் மறுபடி நிரப்பினார்கள். ஓடியது 135 கிலோமீட்டர், பிடித்தது எட்டு லிட்டர். லிட்டருக்கு 17 பக்கம், அதுவும் மலைக்குப் போய்வந்து.

"ஆர்.சி.ய புதுப்பிச்சிரலாமா?" என்று அம்மா கேட்டார்.

"மொதல்ல மெக்கானிக்க விட்டு பிரேக்கப் பாக்கச் சொல்லணும்" என்ற அப்பா, சாவியை மகளிடம் நீட்டினார். "வீடு வரைக்கும் நீயே ஓட்டு கண்ணு."