அரைப்பேர்

போன வருஷம் ஜனவரி முதலாம் திகதி ஒரு புதுக் கொப்பியில் இப்படி எழுதினேன்: "தினமும் காலை 4.30க்கு எழும்பணும். 1000 சொல் எழுதணும். டிசம்பரில் நாவல் முடியணும்." கீழே இரண்டு கோடும் போட்டேன். டிசம்பர் வந்தபோது அந்தக் கொப்பியில் இருபத்து மூன்று பக்கம்தான் நிறைந்திருந்தது. அதிலும் நாவல் இல்லை.

எங்கள் வீடு கலஹா பக்கம் ஒரு தோட்டத்தில். 1867ல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட லூல்கந்துர இங்கிருந்து தூரமில்லை. எனக்கு எழுத ஆசை வந்தது தெளிவத்தை ஜோசப்பின் கதைகளைப் படித்து. தெளிவத்தை என்பது அவர் வேலை பார்த்த தோட்டத்தின் பெயர் என்று தெரிந்தபோது, நம்ம ஆளுங்களும் எழுதலாம் போல என்று நினைத்தேன்.

ஆனா எப்போ எழுதுறது? வேலை கண்டி டவுனில், ஒரு துணிக்கடையில். காலை ஆறரைக்கு பஸ். இரவு எட்டு மணிக்கு வீடு. இடையில் பத்து மணித்தியாலம் நின்றபடி. யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "விடிய எழும்பி எழுதுங்க."

இதற்கு எல்லாரும் உதாரணம் காட்டுகிற ஆள் அந்தனி ட்ரோலொப். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர், தபால் இலாகா உத்தியோகத்தர். காலை 5.30க்கு மேசையில் உட்காருவார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணித்தியாலத்துக்கு 250 சொல். வேலைக்குப் போகும் முன் மூன்று மணித்தியாலம். மொத்தம் 47 நாவல்கள்.

நானும் எழும்பினேன். லயத்தில் லைட்டைப் போட்டால் வீட்டில் எல்லாருக்கும் விடிந்துவிடும். அப்பா போர்வையை இழுத்து முகத்தை மூடுவார். அம்மா எனக்கு முதலே அடுப்படியில். ரொட்டிக்கு மா பிசைவது, தேங்காய் துருவுவது, சம்பல் அரைப்பது எல்லாம் என் வேலை. நான் கொப்பியோடு உட்கார்ந்த நாளிலிருந்து அதையும் அம்மாவே செய்தார். பிளேன்டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள், நேரமாகிவிட்டது என்று ரொட்டியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு மலைக்கு ஓடுவதைப் பார்த்தேன்.

ட்ரோலொப் தன் சுயசரிதையில் சொன்ன இன்னொரு விஷயம் அன்றைக்குத்தான் உறைத்தது. அவரை எழுப்பிக் கோப்பி கொடுக்க ஒரு வயதான குதிரைக்காரர் இருந்தார். அதற்காக வருஷத்துக்கு 5 பவுண் கூடுதலாகக் கொடுத்தார். தன் வெற்றிக்கு வேறு எவரையும்விட அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். 5.30 மணியைச் சொல்கிற யாரும் அந்தக் குதிரைக்காரரைச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அவர் என் அம்மா. கூடுதல் சம்பளமும் இல்லை.

விட்டுட்டேன். இரண்டு மாதம் ஒரு வரி எழுதவில்லை. ஒருநாள் இரவு, "ஆயிரம் சொல் எழுதலைன்னா அந்த நாளே வீண் மாதிரி இருக்கும்மா" என்றேன்.

அம்மா சிரித்தார். "ஒனக்கு நீயே அரைப்பேரு போட்டுக்கிறியா?"

தெரியாதவர்களுக்கு: தோட்டத்தில் சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அம்மா காலமெல்லாம் வெறுத்த கணக்கு அது. அதைத்தான் நான் எனக்கே போட்டுக்கொண்டிருந்தேன்.

"வெயில் காலத்துல யாரு புள்ள பதினெட்டுக் கிலோ எடுக்கிறது? கொறையத்தான் செய்யும். ஆனா மலைய ரொம்ப நாள் விடக்கூடாது. ஏழெட்டு நாள்ல திரும்பப் போகணும். விட்டா முத்திப்போயிரும், பெறகு கிள்ள வராது."

இப்போது என் திட்டம் இதுதான். எவ்வளவு எழுதினேன் என்று எண்ணுவதில்லை. ஆனால் ஒரு கதையை ஒரு கிழமைக்கு மேல் தொடாமல் விடுவதில்லை.

காலை பஸ் கலஹாவிலிருந்தே புறப்படுவதால் சீட் கிடைக்கும். வளைவுகளில் ஃபோனைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் ஹிந்தகல வரைக்கும் ஒரே ஒரு காட்சியை யோசிப்பேன்: யார் வருகிறார், என்ன கேட்கிறார், மற்றவர் என்ன சொல்லாமல் விடுகிறார். கம்பஸ் தாண்டி கெட்டம்பே பக்கம் பஸ் ட்ராஃபிக்கில் நிற்கும். அங்கே ஐந்தாறு வரி ஃபோனில். இரவு பஸ்ஸில் நிற்கவே இடமில்லை, அதிலிருந்து எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஞாயிறு பகல் இரண்டிலிருந்து நான்கு வரை எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிச் சேர்ப்பேன். அதற்குப் பதிலாக ஞாயிறு அடுப்படி முழுக்க என்னுடையது. அம்மா ஏழு மணி வரைக்கும் தூங்கணும். பெரஹெரா நாட்களும் பண்டிகை சீசனும் எனக்கு வெயில் காலம். கிழமைக்கு இரண்டு வரி என்றாலும் போதும்.

நான்கு மாதத்தில் ஒரு சிறுகதை முடிந்தது. நாவல் இல்லை, சிறுகதைதான். ரொட்டியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு மலைக்கு ஓடும் ஒரு பெண் அதில் வருகிறாள். பசியோடு வேலை செய்கிறாள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ரொட்டிய நான் நடந்துக்கிட்டே தின்னுட்டேன், புள்ள. பசியோட போனேன்னு எழுதாத."

அந்தப் பகுதியைத் திரும்ப எழுதணும். ஞாயிற்றுக்கிழமை.